பருப்பு மாத்தயா: மலேரியாக் காலத்துக் கேகாலையிலிருந்து நிதியமைச்சு வரை

என். எம். பெரேரா என்ற பெயரைக் கேட்டதும் எமது மூத்த தலைமுறைக்கு இரண்டு நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 1955 இல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் என்பது முதலாவது. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் தந்த அரசாங்கத்தின் நிதியமைச்சர் என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னே, அவருக்கு ஆசனமும் பதவியும் இல்லாத ஒரு காலம் இருந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியின் இரு மருங்கிலும் இருந்த கிராமங்களில் மலேரியா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தபோது, பருப்பு மூட்டையோடு அந்தக் கிராமங்களுக்குள் போனவர்களில் அவரும் ஒருவர். அங்கே கிடைத்த பட்டப்பெயர்தான் பருப்பு மாத்தயா. பின்னாளில் எதிரிகள் அதைக் கேலியாகச் சொன்னார்கள். தொடக்கத்தில் அது கேலி அல்ல.

நாணயக்காரபத்திரகே மார்ட்டின் பெரேரா 1905 ஜூன் 6 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். ஆனந்தாக் கல்லூரி, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, பின்னர் லண்டன் பொருளியல் கல்லூரி என்று படிப்பு போயிற்று. லண்டனில் ஹரோல்ட் லாஸ்கியின் மாணவர். ஜேர்மனியின் வைமார் அரசியலமைப்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் ஹிட்லர் எழுந்த காலம் அது. உலகப் பொருளாதார மந்தத்தால் றப்பருக்கும் தேயிலைக்கும் தெங்குக்கும் விலை விழுந்து, இலங்கைக் கிராமங்களில் கையில் காசு புழங்காத காலமும் அதுவே. லண்டனில் பழகிய நண்பர்களான பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்த்தன ஆகியோரும் அவரும் ஒவ்வொருவராக நாடு திரும்பினார்கள். கட்சி என்று ஒன்று இன்னும் இல்லை. சூரிய மல் இயக்கம்தான் இருந்தது.

இந்த இயக்கத்தைப் பற்றி எமது வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 இல், போரில் இறந்தவர்களை நினைத்துச் சிவப்புப் பொப்பி மலர் விற்பது பிரித்தானியப் பேரரசு முழுவதும் வழக்கம். இலங்கையில் அப்படித் திரட்டிய பணத்தின் பெரும்பகுதி கடல் கடந்து போயிற்று. இந்த நாட்டிலிருந்து போருக்குப் போய் ஊனமடைந்து திரும்பியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்து முன்னாள் படைவீரர்கள் சிலர் 1931 இல் அதே நாளில் சூரிய மல் விற்கத் தொடங்கினார்கள். சூரிய மல் என்பது வேறொன்றுமில்லை, எங்கள் வேலியோரங்களில் நிற்கும் பூவரசின் பூதான். 1933 இல் கொழும்பு இளைஞர் கழகத்தினர் அந்த இயக்கத்தைக் கையிலெடுத்துப் பேரரசுக்கும் போருக்கும் எதிரானதாக மாற்றினார்கள். இங்கிலாந்தில் பிறந்து இங்கு ஆசிரியையாக வந்த டொரீன் யங், பின்னாளில் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்து டொரீன் விக்கிரமசிங்க ஆனவர், அதன் முக்கிய முகம். போரில் இறந்தவரை யார் நினைக்கலாம், யாருடைய பூவைச் சூடலாம் என்ற தகராறு இந்தத் தீவுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

1934 இல் மழை பொய்த்தது. தென்மேல் பருவக்காற்று கொண்டுவர வேண்டிய மழை வரவில்லை. வருடம் முழுவதும் நீரோடிக்கொண்டிருக்கும் களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவை மெலிந்து, மணலுக்கும் பாறைக்கும் இடையே குட்டை குட்டையாகத் தேங்கின. கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டி நகரை வளைத்துக்கொண்டு போகும் மகாவலியும் அப்படித்தான். மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற அந்த நுளம்பு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீர் அதற்கு வேண்டும். அரசாங்கத்தின் மலேரியா நிபுணராக இருந்த எச். எப். கார்ட்டர் 1920 களிலேயே இலங்கையில் மலேரியாவைக் காவும் பிரதான நுளம்பு இதுதான் என்று கண்டிருந்தார். நல்ல மழைக்காலத்தில் ஓடும் நீர் முட்டையையும் புழுவையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஈரவலயத்தில் மலேரியா குறைவு. வரண்ட வலயத்தில், அதாவது அனுராதபுரம், வன்னி, மட்டக்களப்புப் பக்கங்களில், அது நிரந்தரமான வருத்தம்.

ஆகவே நோயைத் தேடுபவர்களின் கண் முழுவதும் வரண்ட வலயத்தின் மேல் இருந்தது. முதலாவது மலேரியா ஒழிப்பு முயற்சியே 1911 இல் குருநாகலில்தான் தொடங்கியது. கேகாலையும் கண்டியின் தாழ்ந்த பகுதிகளும் ஆபத்தான இடங்களாகக் கணக்கில் வரவில்லை. இதில் இன்னொரு கொடுமை உண்டு. சிறு வயதிலிருந்தே மலேரியா வந்து வந்து போகும் இடத்தில் வளர்ந்தவருக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். மண்ணீரல் வீங்கி, இரத்தம் குறைந்து, ஆனாலும் உயிரோடு இருப்பார். கேகாலைக் கிராமத்தவருக்கு அந்த எதிர்ப்பு இல்லை. 1934 ஒக்டோபர் கடைசியில் காய்ச்சல் கிளம்பியது. டிசம்பரிலும் 1935 ஜனவரியிலும் உச்சத்துக்குப் போயிற்று.

அந்தக் காலத்தில் ஒரு தொற்றுநோயை எப்படிப் பின்தொடர்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது இன்றைக்கும் பயன்படும். மூன்று வழிகள் இருந்தன. வைத்தியசாலைகளிலும் மருந்தகங்களிலும் வெளிநோயாளர் எண்ணிக்கையைப் பார்ப்பது முதலாவது. இறப்புப் பதிவாளர்களின் ஏடுகளைப் பார்ப்பது இரண்டாவது. பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்தி, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணுவது மூன்றாவது. இவற்றோடு மழை அளவையும் ஆற்றங்கரைக் குட்டைகளில் நுளம்புப் புழுவின் எண்ணிக்கையையும் சேர்த்தால் ஒரு படம் கிடைக்கும். ஆனால் வைத்தியசாலைக்கு நடந்து வரக்கூடியவர்தான் முதல் கணக்கில் விழுவார். செத்தவர்தான் இரண்டாவது கணக்கில் விழுவார். இரண்டுக்கும் நடுவே குடிசையில் பாயில் கிடப்பவர், அடுப்பு மூட்டவும் ஆளில்லாமல் வீடு முழுவதும் ஒன்றாக விழுந்து கிடப்பவர்கள், எந்த ஏட்டிலும் இல்லை.

இந்த இடைவெளிக்குள்தான் சூரிய மல் தொண்டர்கள் போனார்கள். விக்கிரமசிங்க வைத்தியர், அரசாங்க சபை உறுப்பினரும்கூட. பிலிப் குணவர்த்தன அவிசாவளைப் பக்கத்துக்காரர். என். எம். பொருளியல் படித்தவர், மருத்துவம் தெரியாதவர். கேகாலை மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போனபோது அவர்கள் கண்டது காய்ச்சலை மட்டுமல்ல. கொயினா கொடுத்தால் காய்ச்சல் இறங்குகிறது, ஆனால் எழும்பி நிற்க உடம்பில் சத்து இல்லை. அறுவடை காய்ந்துவிட்டது. வாங்கிச் சாப்பிடப் பணமில்லை. தோட்டத்துக் கூலி வேலையும் மந்தத்தால் குறைந்துவிட்டது. ஆகவே மருந்தோடு அரிசியும் பருப்பும் கொண்டுபோனார்கள். மார்மைட்டை உருட்டி மாத்திரை போலாக்கிக் கொடுத்தார்கள். இன்று கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் விற்றமின் பி குறைந்து வாடிய உடம்புக்கு ஈஸ்ற் சாறு மலிவான, தூக்கிச் செல்ல இலேசான மருந்து. தானியம் பங்கிடும் வேலையில் என். எம். முன்னுக்கு நின்றார். பருப்பு மாத்தயா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. மருத்துவ சுகாதார சேவைகளின் பணிப்பாளர் பிரயர்கிளிஃப் தற்காலிக வைத்தியசாலைகளையும் நூற்றுக்கணக்கான மருந்து நிலையங்களையும் திறந்தார். நிவாரணத்துக்கென்று நியூன்ஹாம் என்ற அதிகாரி ஆணையாளராக நியமிக்கப்பட்டார். அவர் பின்னர் தந்த அறிக்கையின் தலைப்பிலேயே நோயும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்தே நிற்கின்றன. இந்தியாவிலிருந்து கேணல் கில் அழைக்கப்பட்டார். பஞ்சாபில் மழையையும் பிள்ளைகளின் மண்ணீரலையும் மக்களின் பொருளாதார நிலையையும் வைத்து மலேரியா எந்த மாவட்டத்தில் எழும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை வளர்த்தவர் அவர். அதற்கு அடித்தளம் போட்டவர் கிறிஸ்ரோபர்ஸ். 1908 இல் பஞ்சாபில் பெரும் மலேரியா வந்தபோது, மழையும் தானிய விலையும் சேர்ந்துதான் சாவின் அளவைத் தீர்மானித்தன என்று அவர் புள்ளிவிபரங்களோடு எழுதியிருந்தார். கேகாலையில் தொண்டர்கள் கண்ணால் கண்டதும் ஏறக்குறைய அதுதான்.

நோய் அடங்கிய பிறகு கணக்குப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் பேர் வாழ்ந்த தீவில் பதினைந்து இலட்சம் பேர்வரை காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். 1935 இறுதிவரை இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். அவர்களில் பச்சிளம் பிள்ளைகள் அதிகம். உயரமான தேயிலை மலைகள் பெரும்பாலும் தப்பின. நுளம்புக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை. மழை காரணமா, பட்டினி காரணமா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னமும் நடக்கிறது. மழை பொய்க்காவிட்டால் நோய் எழுந்திராது, வயிறு நிறைந்திருந்தால் இவ்வளவு பேர் செத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் வயிற்றோட்டத்தாலும் காய்ச்சலாலும் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1935 டிசம்பர் 18 இல் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கப்பட்டது. சில மாதங்களில் அரசாங்க சபைத் தேர்தல். 1931 இலிருந்து எல்லோருக்கும் வாக்கு இருந்தது. கேகாலை மாவட்டத்து றுவன்வெல்லத் தொகுதியில் என். எம். வென்றார். அவிசாவளையில் பிலிப் வென்றார். பரம்பரைச் சீமான்களைத் தோற்கடித்து இரண்டு இளம் இடதுசாரிகள் சபைக்குள் போனதற்கு மார்க்சிய நூல்களைவிட அந்தப் பருப்பும் கொயினாவும்தான் காரணம் என்று சொன்னால் தவறில்லை. காய்ச்சல் நேரத்தில் படலையடிக்கு வந்தவனைக் கிராமம் மறப்பதில்லை.

இதன் பிறகு அவருடைய வாழ்க்கை கண்டி மலைகளோடு இன்னும் நெருங்கியது. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். ஏறத்தாழ இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். மேடையில் என். எம். ஒரு வெள்ளைக்கார இளைஞனை அறிமுகப்படுத்தினார். மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பழக வந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வெளியேற்றப்பட்ட பிரேஸ்கேர்டில் அவர். துரைமாரின் குற்றங்களை ஒரு துரையே மேடையில் சொல்வதை லயத்து மக்கள் அதுவரை கேட்டதில்லை. தோட்டத்துரைமார் பதறிப்போய் ஆளுநரிடம் ஓடினார்கள். நாடுகடத்தும் உத்தரவு வந்தது. அவரைக் கட்சி ஒளித்து வைத்தது, காலிமுகத்திடலில் பெருங்கூட்டம் கூடியது, கடைசியில் உத்தரவு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1940 ஜனவரியில் கண்டி மாவட்டம் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தியாகிகளின் வரிசை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் போராட்டத்துக்குப் பின்னால் நின்றது சமசமாஜிகளின் தோட்டத் தொழிற்சங்கம். விசாரணை ஆணைக்குழுவின் முன் கொல்வின் வாதாடினார். உலகப் போர் தொடங்கியிருந்த நேரம். தோட்டங்களில் கிளர்ச்சி பரவுவதை அரசாங்கம் விரும்பவில்லை. 1940 ஜூனில் என். எம்., பிலிப், கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரையும் பிடித்துத் தடுப்புக் காவலில் போட்டார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. முதலில் வெலிக்கடை, பிறகு கண்டி போகம்பறைச் சிறை.

போகம்பறை என்ற பெயர் எங்களில் பலருக்கும் வேறு விதமாகத் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கக் கண்டி பஸ் ஏறிய தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அதே மதிலுக்குள் ஒரு காலத்தில் ஒரு சிங்களக் கலாநிதியும் விசாரணையில்லாமல் கிடந்தார் என்பது எம்மிடையே அதிகம் பேசப்படாத சங்கதி. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட அதே நாட்களில், சொலமன் என்ற சிறைக்காவலரின் துணையோடு நால்வரும் அங்கிருந்து தப்பினார்கள். தலைமறைவாக இருந்து, பின்னர் என். எம். வல்வெட்டித்துறையிலிருந்து வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அரசாங்கம் தேடும் ஆட்களை அக்கரை சேர்த்த கதை எண்பதுகளில்தான் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அங்கே வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலம். 1943 இல் பம்பாயில் என். எம். பிடிபட்டார். மீண்டும் இலங்கைக்கு, மீண்டும் சிறைக்கு.

1947 இல் பாராளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சித் தலைவர். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தைச் சமசமாஜிகள் எதிர்த்து வாக்களித்தார்கள். தமிழ்த் தலைவர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள் என்று சொல்ல முடியாத இடத்தில் இதை மறைக்கக்கூடாது. 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலில் முன்னின்றார். அரிசி மானியத்தை வெட்டியதற்கு எதிராக எழுந்த போராட்டம் அது. பிரதமர் டட்லி பதவி விலக நேர்ந்தது. பிறகு கொழும்பு மாநகர முதல்வர். 1955 இல் சம அந்தஸ்துப் பிரேரணை. அதற்காகக் கொழும்பில் நடந்த அவருடைய கட்சிக் கூட்டத்தைச் சிங்கள இனவாதிகள் தாக்கினார்கள். 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அது தன் வாக்குகளைத் தின்னும் என்று தெரிந்தே செய்தார்.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் எமக்குக் கசப்பு. 1964 இல் சிறிமாவின் அரசில் அவர் நிதியமைச்சரானார். கட்சி உடைந்தது. அதே ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் இரு பிரதமர்களும் கணக்குப் போட்டார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. நாவலப்பிட்டியில் அவர்களிடம் மேடை போட்டுப் பேசிய மனிதர் அப்போது அமைச்சரவையில் இருந்தார். 1966 ஜனவரி 8 இல் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகச் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து சமசமாஜிகளும் கொழும்பில் வீதியில் இறங்கினார்கள். பத்து வருடங்களுக்கு முன் தமிழுக்காக அடிவாங்கிய கட்சி அது.

1960 முதல் அவர் எட்டியாந்தோட்டை உறுப்பினர். கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த தொகுதி அது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. ஒரு தொழிலாளர் தலைவர் தன் தொகுதித் தொழிலாளரின் வாக்கில்லாமலே வெல்வதும், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போவதும் எவ்வளவு பெரிய விடயம் என்று அப்போது அவருடைய கட்சிக்குள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1948 இல் எதிர்த்த சட்டம் மெல்ல மெல்ல எதிர்த்தவர்களையும் மாற்றிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

1970 இல் மீண்டும் நிதியமைச்சர். அடுத்த வருடம் ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி. அதன் பலமான இடங்களில் ஒன்று கேகாலை. மலேரியாவில் தப்பிய தலைமுறையின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், என். எம். அங்கம் வகித்த அரசின் கீழ். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும் அந்த வருடங்களில்தான். 1972 மே மாதத்தில் கொல்வின் வரைந்த குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிங்களம் மட்டுமே அரச மொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். சிறுபான்மையினருக்குச் சோல்பரி அரசியலமைப்பு கொடுத்திருந்த அற்ப பாதுகாப்பும் போயிற்று. அதன் விளைவை நாங்கள் அனுபவித்தோம்.

எமது விவசாயிகளில் பலர் அந்தக் காலத்தை நன்றாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். மிளகாய், வெங்காயம், பருப்பு போன்றவற்றின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் தோட்டம் செய்தவர்கள் கையில் காசு பார்த்தார்கள். கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். பருப்பு மாத்தயாவின் காலத்தில் பருப்புக்குத் தட்டுப்பாடு என்று தெற்கிலே சிரித்தார்கள்.

சிரிக்க முடியாத ஒரு கதை மலைநாட்டில் நடந்தது. 1973 இல் எண்ணெய் விலையும் அரிசி விலையும் உலகச் சந்தையில் பன்மடங்காக ஏறின. அந்நியச் செலாவணி இல்லை. அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது, மாவின் விலை ஏறியது. கிராமத்தவர் வளவுக்குள் மரவள்ளி நட்டுச் சமாளித்தார்கள். லயத்து மக்களுக்கு நட வளவு ஏது? தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. 1973 இலும் 1974 இலும் பட்டினியும் அதோடு வரும் வயிற்றோட்டமும் நோயும் லயங்களில் பிள்ளைகளையும் முதியவர்களையும் கொண்டுபோயின. கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் அற்றனிலும் தோட்டத்து மக்கள் குடும்பமாகக் கையேந்தினார்கள். தோட்டப்புற மரண வீதம் அந்த வருடங்களில் எழும்பியதை அரசாங்கப் புள்ளிவிபரங்களே காட்டுகின்றன. 1934 இல் கேகாலையில் வீடு வீடாகப் போய், நோயைக் கொயினா மட்டும் தீர்க்காது, சோறும் வேண்டும் என்று கண்டுகொண்ட மனிதர், நாற்பது வருடம் கழித்துப் பக்கத்து மலையில் அதே காட்சி நடந்தபோது திறைசேரியின் சாவியை வைத்திருந்தார். உலகச் சந்தை அவர் கையில் இல்லை என்பது சரி. இருக்கிற அரிசியை யாருக்கு முதலில் கொடுப்பது என்பது அரசின் கையில்தான் இருந்தது. 1934 இன் கிராமத்தவனுக்கு வாக்கு இருந்தது, 1974 இன் லயத்துக்காரனுக்கு இல்லை. வேறு காரணம் தேடுபவர்கள் தேடலாம்.

அந்தப் பட்டினியிலும் 1977 வன்செயலிலும் கண்டி, மாத்தளை, நுவரெலியா மலைகளை விட்டு இறங்கியவர்களில் பல ஆயிரம் பேர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். இதை வாசிக்கும் பலரின் அப்பாவும் அம்மாவும் அப்படி வந்தவர்கள். மலேரியா குறைவான குளிர் மலையிலிருந்து அது நிரந்தரமாகக் குடியிருந்த வன்னிக்கு வந்ததில், முதல் வருடங்களில் காய்ச்சலே அவர்களை வரவேற்றது.

டீ.டீ.ரீ. தெளிப்பு 1940 களின் நடுவில் தொடங்கி, 1963 இல் நாடு முழுவதும் வெறும் 17 மலேரியா நோயாளிகள்தான் என்ற நிலை வந்தது. தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1967 இலும் 1968 இலும் நோய் வெள்ளமாகத் திரும்பியது. போர்க்காலத்தில் அதன் பெரும் சுமை வடக்கு கிழக்கின் மேல் விழுந்தது. 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். இடம்பெயர்ந்த கொட்டில்களில் நுளம்பு வலைக்கு வரிசையில் நின்றதும், விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்ததும், மருந்து தெளிக்க வந்தவர்களுக்கு உரப்பைக் கதவைத் திறந்துவிட்டதும் எங்களுக்கு நினைவிருக்கும். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரிபன்சி என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. கியூலிசிபேசிஸ் ஆற்றுக் குட்டையைத் தேடும். இது பட்டணத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும்.

என். எம். பெரேராவை 1975 இல் சிறிமா அரசிலிருந்து வெளியேற்றினார். தேசியமயமான தோட்டங்கள் யாருடைய பொறுப்பில் இருப்பது என்ற இழுபறியும் அதற்கு ஒரு காரணம். 1977 தேர்தலில் எட்டியாந்தோட்டையில் அவர் தோற்றார். சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவராக அவர் அமர்ந்த கதிரையில் அ. அமிர்தலிங்கம் அமர்ந்தார். கடைசி வருடங்களில் அவர் செய்த வேலை, ஜே. ஆரின் 1978 அரசியலமைப்பை உறுப்புரை உறுப்புரையாகப் பிரித்து, நிறைவேற்று ஜனாதிபதி முறை எங்கே கொண்டுபோய் விடும் என்று எழுதியது. வைமார் அரசியலமைப்பில் ஜனாதிபதிக்குக் கொடுத்த அவசரகால அதிகாரம் ஜேர்மனியை எங்கே கொண்டுபோயிற்று என்பதை மாணவனாக ஆராய்ந்தவருக்கு அதை எழுதும் தகுதி இருந்தது. தன் அரசு நிறைவேற்றிய 1972 அரசியலமைப்பை அதே கண்ணாடியால் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1979 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரம், அவரைப் போகம்பறைக்கு அனுப்பியதைப் போன்ற அதிகாரம், சட்டப் புத்தகத்துக்கு ஏறியது. சில வாரங்கள் கழித்து, ஓகஸ்ட் 14 ஆம் திகதி, 74 ஆவது வயதில் அவர் காலமானார்.